குறை சொல்லும் உரிமை

(ஒரு வாசகர் வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்து பற்றிய பேச்சு என்று அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மெஸ்ஸி வருவார், ரொனால்டோ வருவார் என்று நம்பி வந்திருக்கும் தம்பிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தை உதைப்பவர்களைப் பற்றி இன்று அதிகம் பேசப்போவதில்லை. சுற்றி நின்று, நனைந்து, திட்டி, தொண்டை கட்டி வீடு திரும்புகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் உலகம் முழுக்கச் சட்டை விற்கும் பெரிய அணிகளின் ரசிகர்கள் இல்லை; சொந்த ஊர் அணியைக் கட்டிக்கொண்டு அழுகிற உள்ளூர் ரசிகர்கள்.

தென்கிழக்கு லண்டனில் சார்ல்டன் என்றொரு பகுதி. அங்கே சார்ல்டன் அத்லெடிக் என்றொரு கிளப். தொடங்கியது 1905ல். எஃப்.ஏ. கோப்பையை வென்றது ஒரே ஒருமுறை, 1947ல். மற்றபடி மேல் டிவிஷனுக்கு ஏறுவதும் கீழே இறங்குவதுமாகக் காலம் தள்ளுகிற கிளப். அணிக்கு ‘ஆடிக்ஸ்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. ஆரம்ப காலத்தில் உள்ளூர் மீன்கடைக்காரர் ஒருவர் ஆட்டம் முடிந்து வரும் பையன்களுக்கு ஹாடக் மீன் போட்டாராம்; அந்த ஹாடக்தான் ஆடிக்ஸ் ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். மீனில் முள் இருந்தது என்று அன்றைக்கே எவனாவது ஒருவன் குறைபட்டிருப்பான். அந்த ஊரை எனக்குத் தெரியும்.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் பக்கத்தில் வூல்விச்சில் குடியிருந்தேன். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சார்ல்டன் மைதானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒன்று பட்டது. அங்கே குறை சொல்வது ஓர் உரிமை. வெளியாளுக்கு அது கிடையாது.

என்னென்ன குறை? எதைத்தான் விட்டார்கள்! வார இறுதி வந்தால் தண்டவாளத்தில் வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுகிறான். தொலைக்காட்சிக்காரன் வசதிக்காக ஆட்டத்தை வெள்ளி இரவுக்கோ ஞாயிறு மதியத்துக்கோ நகர்த்துகிறான். இறைச்சி வைத்து மாவால் மூடிச் சுட்ட ‘பை’ (pie) ஒன்று விற்பார்கள். நடுவில் நாக்கு வெந்துபோகும், ஓரத்தில் ஐஸ். டீயில் டீ இல்லை. கொடி பிடிக்கிறவனுக்குக் கண் இல்லை. பயிற்சியாளர் மாற்று ஆட்டக்காரரை இறக்கினால் ஏன் இறக்கினான், இறக்காவிட்டால் எதற்கு உட்கார வைத்திருக்கிறான். டிக்கெட் விலை. கழிப்பறை. எதிர்க்காற்று. எல்லாவற்றுக்கும் மேல், எண்பதாவது நிமிடமே எழுந்து போகிற சக ரசிகர்கள்.

இந்தக் கடைசிக் குறைக்கு மட்டும் அந்த ஊரில் சரித்திரச் சான்று இருக்கிறது. 1957 டிசம்பர் 21. ஹடர்ஸ்ஃபீல்டு அணியோடு ஆட்டம். எதிரணிப் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி. பின்னாளில் லிவர்பூலை எடுத்து நிறுத்தினாரே, அவரேதான். தொடக்கத்திலேயே சார்ல்டன் கேப்டனுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. மீதி நேரம் முழுக்கப் பத்தே பேர். இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை என்கிற கட்டத்தில் 5–1 என்று பின்தங்கல். நம்மில் யாராக இருந்தாலும் பேருந்தைப் பிடிக்கப் போயிருப்போம். ஜானி சம்மர்ஸ் என்பவர் ஐந்து கோல் அடித்தார். கடைசி நிமிடக் கோலோடு சார்ல்டன் 7–6 என்று ஜெயித்தது. ஆறு கோல் போட்டும் லீக் ஆட்டத்தில் தோற்ற முதல் அணி ஹடர்ஸ்ஃபீல்டு. பாதியில் எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ, போனதை வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

என் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். அணி வெளியே வரும்போதே, “இன்னைக்கு ஒண்ணும் தேறாது” என்பார். கோல் விழுந்தால், “சீக்கிரமே போட்டுட்டான், இனிமேல்தான் பயம்” என்பார். பல வாரம் என்னிடம் அவர் நேராகப் பேசவில்லை. முணுமுணுப்பை முன்னால் இருந்த காற்றிடம் சொல்வார்; நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நம் பின்வரிசை ஆட்டக்காரன் பந்தை முன்னால் கொடுக்க ஆள் இருந்தும் கோல்கீப்பருக்கே திருப்பித் தட்டினான். என்னையறியாமல், “இதுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். பிறகு தெர்மாஸைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி என் பக்கம் நீட்டினார். அதுவரை நான் கைதட்டிய கைதட்டல், பாடிய பாட்டு எதற்கும் கிடைக்காத டீ அது.

நம் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்க ஆளில்லை, நாதஸ்வரக்காரர் தாமதம் என்று காலை முதல் முறையிட்டுக்கொண்டே இருக்கும் தாய்மாமனை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி அப்படிப் பேச முடியாது; வாழ்த்திவிட்டுப் போக வேண்டியதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு வாடகைப் பாத்திரத்தை எண்ணிக் கணக்குத் தீர்ப்பதும் அதே மாமன்தான்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சுச்சளி பிடித்துச் சில ஆட்டங்களுக்குப் போகவில்லை. திரும்பப் போனபோது பெரியவர் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நான் தவறவிட்ட ஆட்டங்களின் நிகழ்ச்சி மலர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் அச்சடித்து விற்கிற சிறு புத்தகம் அது. அவர் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கி, மடங்காமல் வைத்திருந்தார். கொடுக்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? “காசுக்குப் பிடித்த கேடு. இதில் படிக்க ஒன்றும் இல்லை.” நலமா என்று கேட்கவில்லை. நன்றி சொல்லவும் விடவில்லை. எங்கள் இருவருக்கும் மற்றவர் பெயர் அப்போதும் தெரியாது.

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மைதானத்துக்கு ‘தி வேல்லி’ என்று பெயர். பள்ளத்தாக்கு என்று பொருள், உண்மையிலேயே பள்ளம்தான். சுண்ணாம்பும் மணலும் தோண்டி எடுத்துவிட்டுப் போட்ட குழி. 1919ல் கிளப் அங்கே வந்தபோது ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கித் தரையைச் சமன் செய்தார்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, ஆட்டம் பார்க்க நிற்கும் மேடாக்கினார்கள். 1938 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு 75,031 பேர் அந்த மேடுகளில் நின்றிருக்கிறார்கள்.

1985 மே மாதம் பிராட்ஃபோர்டு மைதானத்து மர ஸ்டாண்டு தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். நாடு முழுக்கப் பழைய மைதானங்களின் பாதுகாப்பைச் சோதிக்கத் தொடங்கினார்கள். வேல்லியின் பிரம்மாண்டமான கிழக்கு மேட்டில் ஆள் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இதற்குள் கிளப் ஒருவர் கையிலும் மைதான நிலம் பழைய உரிமையாளர் கையிலும் பிரிந்து கிடந்தன. கடனில் மூழ்கி முந்தின ஆண்டுதான் கிளப் பிழைத்திருந்தது. செப்டம்பர் 7 அன்று ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கையில் வாசலில் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கப்பட்டது: இனி நமக்கு வேல்லி இல்லை, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில்தான் ஆட்டம். அன்றைய எதிரணியே கிரிஸ்டல் பேலஸ்தான். இரண்டு வாரம் கழித்து ஸ்டோக் சிட்டியை 2–0 என்று வென்றதோடு வேல்லி மூடப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இடம் மாறிய அந்தப் பருவத்திலேயே, 1986ல், சார்ல்டன் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 29 ஆண்டுக்குப் பிறகு ஏற்றம்! மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் என்று எல்லாரும் வந்து ஆடினார்கள். வெற்றிக்காகத்தான் ரசிகன் என்றால், இந்த ரசிகர்கள் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அடுத்தவன் வீட்டில் விருந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று முனகினார்கள். தென் லண்டனில் குறுக்கே போக நேர் ரயில் கிடையாது. லண்டன் பிரிட்ஜ் வரை போய் மாறி இறங்கி வர வேண்டும். கூட்டம் மெலிந்தது. நிர்வாகத்தின் கண்ணில் இவர்கள் நன்றிகெட்ட ஜனங்கள்.

1988ல் ரிக் எவரிட் என்ற இளம் பத்திரிகையாளர் ‘வாய்ஸ் ஆஃப் தி வேல்லி’ என்று ஒரு ரசிகர் பத்திரிகை தொடங்கினார். அந்தப் பத்திரிகை முனகலைக் கேள்வியாக்கியது. நிலம் யாருடையது? திரும்பிப் போக எவ்வளவு ஆகும்? பக்கத்து இருக்கையில் கரைந்து போகிற பேச்சு அச்சேறியதும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1989 மார்ச்சில் வூல்விச் டவுன் ஹாலில் கூட்டம் போட்டு, வேல்லிக்குத் திரும்புகிறோம் என்று நிர்வாகமே அறிவித்தது.

ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று அழைப்பு. மூன்றரை ஆண்டு ஆள் நடமாட்டம் இல்லாத இடம். நின்று பார்த்த படிகளில் புதர், ஆடுகளத்தில் இடுப்பளவு களை. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கத்தரி, மண்வெட்டி, வீட்டுத் தோட்டத்துக் கையுறை என்று கையில் கிடைத்ததோடு வந்தார்கள். வெட்டியதையெல்லாம் குவித்து அங்கேயே கொளுத்தினார்கள். ரயில் வரவில்லை, டீ ஆறிப்போயிற்று என்று அங்கலாய்க்கிற அதே ஜனங்கள். நம் ஊரில் பொதுக்காரியம் என்றால் பத்துப் பேர் வேலை செய்ய நூறு பேர் படம் எடுப்போம். அதனால் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. 1990 ஜனவரி 31 அன்று கிரீனிச் கவுன்சிலின் திட்டக்குழு, மைதானத்தைத் திருத்திக் கட்ட அனுமதி இல்லை என்று 10க்கு 2 என்ற வாக்கில் தீர்ப்புச் சொன்னது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கட்சி தொடங்கினார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ‘வேல்லி கட்சி’ என்று பெயர் வைத்து மே 3 கவுன்சில் தேர்தலில் 60 வேட்பாளர்களை நிறுத்தினார்கள். கொள்கை ஒன்றே ஒன்று: மைதானம் வேண்டும். விளம்பரத் தொழிலில் இருந்த ரசிகர் ஒருவர் சுவரொட்டிகள் தயாரித்தார். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டார்கள். 14,838 வாக்கு விழுந்தது, மொத்தத்தில் 10.9 விழுக்காடு. ஓர் இடத்திலும் ஜெயிக்கவில்லை. ஆனால் அனுமதி மறுத்த குழுவின் தலைவர் தம் இடத்தை இழந்தார். கவுன்சிலுக்குக் காது கேட்டது. அடுத்த ஆண்டு அனுமதி கிடைத்தது. கட்டுவதற்குப் பணம் போதவில்லை என்றபோது ரசிகர்கள் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டார்கள்.

1992 டிசம்பர் 5 அன்று திரும்பிப் போனார்கள். எதிரணி போர்ட்ஸ்மத். ஏழாவது நிமிடத்தில் காலின் வால்ஷ் அடித்த கோலே ஆட்டத்தின் ஒரே கோல்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எல்லாம் இனிமை என்று நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன். குறை சொல்ல உரிமை உள்ளவர்கள் என்று நான் சொன்ன கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்து மைதானங்களில் கறுப்பின ஆட்டக்காரர் பந்தைத் தொட்டால் குரங்குச் சத்தம் எழும். வாழைப்பழம் பறந்து வரும். வேல்லிக்குச் சில மைல் கிழக்கே வெல்லிங்கில் இனவெறிக் கட்சியான பி.என்.பி. புத்தகக்கடை என்ற பெயரில் அலுவலகம் நடத்தியது. கொஞ்ச தூரத்தில் எல்தம். அங்கேதான் 1993 ஏப்ரலில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயது கறுப்பினப் பையன் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் இருந்தார்கள். ஆட்டம் நடக்கும் நாளில் ரயிலில் ஏறாமல் இருப்பது, பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாமல் இருப்பது என்பதெல்லாம் அன்றைய குடும்பங்களின் சாதாரண முன்ஜாக்கிரதை என்று அங்கே மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு நீட்டப்பட்ட அந்த ஒரு மூடி டீ, முப்பது ஆண்டுக்கு முன்னால் என்னைப் போன்ற ஒருவனுக்கு நீட்டப்பட்டிருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

அதை எதிர்க்கவும் அந்த ஊரில் ஆள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளப்பும் ரசிகர்களும், தேர்தலில் எதிர்த்து நின்ற அதே கவுன்சிலோடு கைகோத்து, இனவெறிக்கு எதிரான வேலையைத் தொடங்கினார்கள். பள்ளிகளுக்குப் போனார்கள். மைதானத்தில் யாராவது வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவனே அடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் மாறவில்லை. இன்றும் முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மற்ற ஊர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். 1997ல் பிரைட்டன் கிளப் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. நிர்வாகம் மைதானத்தை விற்றுவிட்டிருந்தது. பிளிமத் அணியின் ரசிகனான ஒரு பையன், எல்லா ஊர் ரசிகர்களும் அவரவர் சட்டையோடு ஒருநாள் பிரைட்டனுக்குப் போவோம் என்று கிளப்பிவிட்டான். பிப்ரவரி 8 அன்று உண்மையிலேயே வந்தார்கள், விரோதி ஊர்க்காரர்கள்கூட. பிரைட்டன் ஹார்ட்டில்பூலை 5–0 என்று வென்றது. மூன்று மாதம் கழித்துக் கடைசி நாளில் ஹெரிஃபோர்டில் போய் 1–1 என்று சமன் செய்து லீக்கில் தங்கியது. தங்கியது என்றால், ஹெரிஃபோர்டு வெளியே போயிற்று. ஒருவருக்குச் செய்த நல்லது இன்னொருவர் தலையில் விடிகிற விளையாட்டு இது. அதை மறைத்துவிட்டு அன்பு, சகோதரத்துவம் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பரி என்ற ஊரின் கதை இன்னும் கசப்பு. 2019 ஆகஸ்டு 27. சனிக்கிழமை ஆட்டம் நடந்தாலும் நடக்கலாம் என்று, தன்னார்வலர்கள் துடைப்பமும் வாளியுமாகப் போய் கிக் லேன் மைதானத்தைக் கழுவினார்கள். அன்று இரவே கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு அதே ரசிகர்கள் இரண்டு பிரிவாகி, புதிதாகத் தொடங்குவதா, பழைய மைதானத்தை மீட்பதா என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். 2022ல் இணைப்புக்கு வாக்கெடுத்துத் தோற்று, 2023ல்தான் ஒன்று சேர்ந்தார்கள். முணுமுணுப்பு உள்ளுக்குள்ளே திரும்பிவிட்டால் நாலு வருஷத்தை விழுங்கிவிடும்.

கடைசியாகச் சார்ல்டனுக்கே திரும்புகிறேன். 2014ல் பெல்ஜியப் பணக்காரர் ரோலண்ட் டூஷாட்லே கிளப்பை வாங்கினார். பயிற்சியாளர்கள் வந்த வேகத்தில் போனார்கள். 2016ல் அணி மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அதே சமயம் கோவென்ட்ரி ரசிகர்களுக்கும் தங்கள் உரிமையாளர்கள் மேல் தீராத கோபம். ஒரு பருவம் முழுக்க அவர்கள் அணியை நார்தாம்ப்டனில் கொண்டுபோய் ஆடவைத்தபோது, டிக்கெட் வாங்க மாட்டோம் என்று மைதானத்துக்கு வெளியே மேட்டில் ஏறி நின்று பார்த்தவர்கள் அவர்கள். 2016 அக்டோபர் 15 அன்று இந்த இரண்டு அணிக்கும் வேல்லியில் ஆட்டம். இரு ஊர் ரசிகர்களும் ஒன்றாக ஊர்வலம் வந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் சின்னப் பிளாஸ்டிக் பன்றிகள் மைதானத்துக்குள் மழையாகக் கொட்டின. நடுவர் ஆட்டத்தை நிறுத்த, பணியாளர்கள் குனிந்து குனிந்து பன்றி பொறுக்கினார்கள். ஒரு காயம் இல்லை, ஓர் அடிதடி இல்லை. பொறுக்கி முடித்து ஆட்டம் தொடர்ந்ததும் இரண்டு பக்கமும் பழையபடி ஒருவரையொருவர் கேலி செய்து பாட ஆரம்பித்தார்கள். சார்ல்டன் 3–0.

டூஷாட்லே 2020 தொடக்கத்தில்தான் விற்றுவிட்டுப் போனார். வாங்க வந்தவர்கள் இவரைவிட மோசம் என்று சில மாதங்களிலேயே ஊர் பேசத் தொடங்கியது. அவர்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் போனார்கள். ஆனால் விற்றபோது டூஷாட்லே கிளப்பைத்தான் கொடுத்தார். வேல்லியைக் கொடுக்கவில்லை, நிலத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். 1985ல் இருந்த அதே நிலைமை: கிளப் ஒருவர் கையில், மைதானம் இன்னொருவர் கையில். பழைய சுவரொட்டிகளை யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.